வெளியில் தொங்கிய சாவி

இது எனக்கு நடந்தது. ராத்திரியில் அல்ல, பட்டப்பகலில். நேரங்களை அன்றே குறித்து வைத்தேன்.

காலை 6.10க்கு எழுவேன். பால் காய்ச்சுவேன். சட்டைக்கு இஸ்திரி போடுவேன். 8.20க்கு மாடி வீட்டு வெளிக்கதவில் பூட்டு மாட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவேன். மூன்று வருடம் அந்தப் பூட்டுக்கு உள்ளே என் மனைவி இருந்தாள். அவளுடைய போன் என் பையில் இருக்கும்.

ஒருநாள் ஜன்னல் வழியாகச் சாவிக்காரரைக் கூப்பிட்டு, பூட்டைத் திறக்கவைத்துப் போய்விட்டாள். அவர் கடையிலேயே அரத்தால் சாவி ராவக் கற்றுக்கொண்டு வேலைக்குச் சேர்ந்தாள். எட்டு மாதம். பிறகு காய்ச்சல். மூன்றே நாளில் முடிந்தது. அடக்கத்துக்கு நான் போகவில்லை.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. 8.20. கதவை இழுத்தேன். வரவில்லை.

வெளியே பூட்டியிருந்தது. உள்ளே ஆணியில் மாட்டியிருந்த பூட்டைக் காணோம். அதன் ஒரே சாவி என் சட்டைப்பையில். என் போனையும் காணோம். ஜன்னலுக்கு ஓடினேன். அவள் போன மறுநாளே அதைப் பலகை அடித்து மூடியிருந்தேன்.

8.31. என் போன் அடித்தது. கதவுக்கு வெளியே... படிக்கட்டில்.

"யாரு?"

கர்ர்... கர்ர்... அரம் ராவும் சத்தம். நடுநடுவே ஒரு பெண் பாடினாள். தெரியாத குரல்.

தட்டினேன். உதைத்தேன். கெஞ்சினேன். கீழே கேட்காது. எனக்குத் தெரியும். அதற்காகவேதான் இந்த வீட்டைப் பிடித்தேன்.

10.15. பாட்டு நிற்கவில்லை.

1.40. என் குரல் போய்விட்டது.

4.05. பாட்டு நின்றது.

க்ளிக்.

கதவைத் திறந்தேன். யாருமில்லை. பூட்டில் ஒரு சாவி ஆடிக்கொண்டிருந்தது.

என்னுடையது அல்ல.

கீழ் வீட்டு அக்கா வாசலில் இருந்தார்.

"மேல யார் வந்தாங்க?"

"காலையிலேருந்து இங்கதான் இருக்கேன். ஒரு ஈ காக்கா ஏறல. என்ன தம்பி, இன்னிக்கு உன்னையே வெச்சுப் பூட்டிட்டியா?"

சாவியைச் சாவிக்காரரிடம் கொண்டுபோனேன். திருப்பிப் பார்த்தார்.

"இது அவ மொதமொதல்ல ராவின சாவி, சார். உங்க வீட்டுதுதான். அன்னிக்குப் பூட்டத் தொறந்தப்ப எடுத்த அச்சு எங்கிட்ட இருந்துச்சு."

"திரும்பி வரத்தான் ராவினாளா?"

"நல்லா கேட்டீங்க போங்க. தன்னால அந்தப் பூட்டத் தொறக்க முடியும்னு தெரிஞ்சுக்கத்தான். அன்னிக்குத்தான் பாட ஆரம்பிச்சா. அப்புறம் வாய் மூடல."

அவள் பாடுவாள் என்று எனக்குத் தெரியாது.

சாவியை விரல் நுனியால் என் பக்கம் தள்ளினார்.

"அடக்கத்தன்னிக்குப் பெட்டிய மூடறதுக்கு முன்னாடி, இத அவ கைக்குள்ள வெச்சவன் நான்தான்."

அவள் சாவதற்கு ஒரு வாரம் முன்பு கடை நம்பருக்குப் போன் செய்து அவளிடம் பேசியிருந்தேன். வந்துவிடு, இனிமேல் பூட்டமாட்டேன் என்று அழுதேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபமே இல்லை. அவள் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்:

"நீங்க பூட்டிக்கோங்க. நான் வெளியிலதான இருக்கேன்."