கர்த்தர் சொன்னார் என்று அக்கா சொன்னா

எங்கெங்கோ இருந்து இதை வாசித்து, என்னோடு சேர்ந்து முழங்காலில் நிற்கிற எல்லாருக்கும் ஆண்டவருடைய சமாதானம் கிடைக்கட்டும். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் ஒன்றையும் கூட்டி எழுதவில்லை.

1996ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை இரவு, நியூசிலாந்தில், ஓக்லண்டின் மனுகாவ் பஸ் தரிப்பிடத்தில் மழைக்குள் நின்று அழுதேன். வீட்டுக்குப் போகிற பஸ் வந்தது. போனது. நான் ஏறவில்லை. நாலு மாதமாக நான் அங்கேயிருந்த கல்லூரியில் படித்த படிப்பு மெடிசினுக்குப் போக உதவாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை விடக் கொடுமை, என்னை அங்கே அனுப்பினவவுக்கு அது முதலே தெரியும்.

அவவின் பெயர் வேண்டாம். அக்கா என்றே எழுதுகிறேன். எங்கள் ஜெபக்கூட்டம் அவ வீட்டில்தான் நடக்கிறது. நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று போடுகிறதும் அவதான். நாங்கள் ஓக்லண்டுக்கு வந்து இறங்கின குளிர்காலத்தில் என் இரண்டு பிள்ளைகளுக்கும் ஜம்பர் கொண்டுவந்து போட்டுவிட்டவ. கூடப் பிறந்தவள் இருந்தாலும் அப்படிச் செய்திருக்க மாட்டாள் என்று நினைத்தேன்.

நான் எதற்கும் பயப்படுகிறவள். அடுப்பை நிற்பாட்டினேனா என்று வாசல் கேற்றடியிலிருந்து திரும்பி ஓடுவேன். பிள்ளைகள் பள்ளிக்குள் போனபிறகும் வேலியில் நின்று பார்ப்பேன். இப்படிப்பட்டவளுக்கு டொக்டராகிற ஆசை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். யாழ்ப்பாணத்தில் சண்டையால் பள்ளிக்கூடம் நின்றபோது ஆசையும் நின்றுவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் இந்த நாட்டில் இருபது வயது தாண்டினவர்கள் பள்ளிக்கூடச் சான்றிதழ் இல்லாமலும் யூனிவர்சிட்டிக்குள் போகலாம் என்று வேலையிடத்து நேர்ஸ் ஒருத்தி சொன்னாள். முதலில் கெமிஸ்ட்ரி, பயோலஜி, பிஸிக்ஸ் படித்து நல்ல புள்ளி எடுக்க வேண்டும். பிறகு மெடிசினுக்குக் கேட்கலாம். அன்றைக்கு முழுக்க எனக்கு அந்த நினைப்புத்தான்.

என் கணவரிடம் சொன்னேன். "ஒரு வருஷம் பாப்பம். சரிவரேல்லை எண்டா விட்டிட்டு முழுநேர வேலைக்குப் போகவேணும், ஓமோ?" என்றார். ஓம் என்றேன். அந்த ஒரு வருஷம்தான் என் கையில் இருந்தது.

எங்கே படிப்பது? சிட்டியில் யூனிவர்சிட்டி, பகல் வகுப்பு. மனுகாவில் ஒரு சின்னக் கல்லூரி, இரவு வகுப்பு. இரண்டு இடத்துக்கும் டெலிபோன் எடுத்துக் கேட்டிருக்கலாம். நான் டெலிபோனைத் தூக்கவே இல்லை. எத்தனையாம் வகுப்பு வரை படித்தாய் என்று கேட்டால் என்ன சொல்லுவேன்? "நீ பயப்பிடாத தங்கச்சி, நான் கேட்டுச் சொல்லுறன்" என்றா அக்கா. அடுத்த நாளே சொன்னா: "ரெண்டும் ஒண்டுதானாம். மெடிசினுக்கு ரெண்டையும் எடுப்பினமாம்."

அப்போதும் எனக்கு மனம் ஆறவில்லை. எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீடு மாறுவதோ வேலை மாறுவதோ, முதலில் கூட்டத்தில் சொல்லுவோம். எல்லாரும் ஜெபிப்பார்கள். யாருக்காவது கர்த்தருடைய வார்த்தை வந்தால் அதன்படி நடப்போம். நானும் சொன்னேன். அக்கா என் தலையில் கை வைத்தா. கண்ணை மூடிக்கொண்டு, "மகளே, தெற்குப் பக்கம் ஒரு வாசல் திறந்திருக்கக் கண்டேன். தயங்காமல் போ என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்றா.

மனுகாவ் தெற்கில்தான் இருக்கிறது. நான் அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொன்னேன். அக்காவே கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்துவிட்டா. கதைத்ததெல்லாம் அவதான். நான் கதவடியில் ஹான்ட்பாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பகலில் வேலை, பின்னேரம் சமையல், இவர் வந்து பிள்ளைகளைப் பார்க்க, நான் இரண்டு பஸ் மாறி வகுப்பு. அந்த ஜூன் மாதம் வகுப்பு டீச்சர் ஒவ்வொருவரிடமும் அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். நான் மெடிசின் என்றேன். அவர் என் பெயரைக் குறித்துக்கொண்டார். வகுப்பு முடிந்த பிறகு என்னைத் தனியே இருத்தி, "இது முதியோர் பராமரிப்பு வேலைக்காரருக்கான படிப்பு. மெடிசினுக்கு இதைக் கணக்கெடுக்க மாட்டார்கள்" என்றார். "உங்களைக் கூட்டி வந்த அம்மாவுக்கு இது தெரியுமே? போன வருஷம் தன் மகளுக்காக வந்து கேட்டார். மெடிசின் என்றால் சிட்டிக்கு அனுப்புங்கள் என்று நான்தான் சொன்னேன்."

அக்காவின் மகள் சிட்டியில்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் வேலையிடத்துக் குசினியில் அக்காவைக் கேட்டேன். அவ தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே, "உன்ர நல்லதுக்குத்தான் சொன்னனான். ரெண்டு பிள்ளையளோட சிட்டிக்கு ஓடித் திரிஞ்சு நீ தாங்குவியோ? நீயும் போனா இஞ்ச பகலில ஆர் நிக்கிறது? எத்தினை பேரை நான் தேடுறது?" என்றா.

"அப்ப கர்த்தர் காட்டினார் எண்டு சொன்னீங்களே, அக்கா?"

"ஓம். அதுவும்தான்."

அந்த "அதுவும்தான்" என்ற சொல்லை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

பொய் சொன்னால் தாங்கலாம். ஆளுக்குத் தேவை இருந்தது, சொல்லிவிட்டா என்று விடலாம். ஆனால் என் தலையில் கை வைத்து, ஆண்டவருடைய பெயரைச் சொல்லி! ஜெபிக்கக் கண்ணை மூடினால் அக்காவின் குரல்தான் கேட்டது. இவரிடம் சொன்னபோது, பாவம், கோபிக்கவும் இல்லை. "சரி, விடுவம். களைச்சுப்போனாய்" என்றார். அது இன்னும் நோகப்பண்ணியது.

ஞாயிறு பின்னேரம் குளியலறைக்குள் போய், பிள்ளைகளுக்குக் கேட்காதபடி தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வாய்விட்டுச் சொன்னேன்: "ஆண்டவரே, எனக்கு வார்த்தையும் வேண்டாம், தரிசனமும் வேண்டாம். அந்த டெலிபோனைத் தூக்கிற துணிவை மட்டும் தாரும். நான் பகலில் படிக்கப் போனால் பிள்ளைகளைப் பார்க்க ஒரு வழியைக் காட்டும்."

கொஞ்ச நேரத்தில் யாரோ வாசல் கதவைத் தட்டினார்கள். பக்கத்து யூனிட்டில் இருக்கிற அம்பிகா. மலேசியாவிலிருந்து வந்தவ, சைவ சமயக்காரி. அதுவரை நாங்கள் சிரித்ததோடு சரி.

"தண்ணிய திறந்து விட்டுட்டா கேக்காதுன்னு நெனச்சீங்களா? நம்ம சுவரு அட்டை மாதிரிலா" என்றா. "படிக்கப் போறதுக்குப் பிள்ளைங்கதான் தடையா? ஸ்கூல் விட்டதும் என் பையனோட சேத்துக் கூட்டிட்டு வந்துர்றேன். ஒண்ணுதான், எங்க வீட்டுச் சாமி படத்தைப் பாத்து உங்க சாமி கோவிச்சுக்கக் கூடாது!"

அழுத கண்ணோடு சிரித்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை நானே யூனிவர்சிட்டிக்கு டெலிபோன் எடுத்தேன். மறுபக்கத்தில் பேசின பெண் கேட்க முதலே, பத்தாம் வகுப்போடு நிறுத்தினவள் என்று சொல்லிவிட்டேன். "அதனாலென்ன?" என்றாள். ஜூலையில் ஆயத்த வகுப்பு தொடங்குகிறது, இடம் இருக்கிறது, இந்தக் கிழமைக்குள் வந்து பதியுங்கள் என்றாள். நான் ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறக்கூட இல்லை. இந்தச் சின்னக் கதையை முதலே கதைக்காததால்தான் அரை வருஷம் போனது.

"மிச்ச அரை வருஷம் இருக்குத்தானே" என்றார் இவர். அக்கா எனக்கு வேறு ஷிஃப்ட் தரவில்லை. அந்த வேலையை விட்டேன். த்ரீ கிங்ஸ் பகுதியில் கடையொன்றில் சனி ஞாயிறும் பின்னேரங்களும் வேலை கிடைத்தது. ஆயத்த வகுப்பில் பாஸ் பண்ணினேன். இவர் அந்த ஒரு வருஷக் கெடுவைப் பற்றிப் பிறகு வாய் திறக்கவில்லை. அடுத்த வருஷம் முழுக்க, என்னைவிடப் பத்து வயது குறைந்த பிள்ளைகளோடு கெமிஸ்ட்ரி லாபில் நின்று எல்லாப் பாடமும் செய்து முடித்தேன். மெடிசினுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். கிடைக்குமோ தெரியாது. ஆனால் போகிற பாதை சரியான பாதை. கர்த்தருக்கு நன்றி. அம்பிகாவுக்கும் நன்றி.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. போன மாதம் கூட்டத்தில் அக்கா எழும்பி, இந்தத் தங்கச்சியைப் பற்றித் தனக்குக் கிடைத்த தரிசனம் நிறைவேறிவிட்டது என்று சாட்சி சொன்னா. எல்லாரும் கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். நடந்தது இதுதான் என்று நீங்களாவது அறிய வேண்டும்.

அவவை மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். எழுதினால் அது பொய். ஒவ்வொரு நாளும் அவவின் பெயரை ஆண்டவர் முன்னால் சொல்லுகிறேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் வருகிறதில்லை. அப்படியே முழங்காலில் இருப்பேன். அவர் என்னைத் துரத்தவில்லை.

பிரியமானவர்களே, உங்களுக்காக இன்னொருவர் கேட்டுச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். பயந்தாலும் நீங்களே ஆண்டவரிடம் போங்கள். அழுகையோடு போங்கள், கோபத்தோடு போங்கள், சொல்ல வராததோடும் போங்கள். என் குரலைக் கேட்டவர் உங்கள் குரலையும் கேட்பார்.