எந்தக் கம்பம்?

எங்கள் கட்டடத்து லிஃப்டில் நான்காம் எண் கிடையாது. மூன்றுக்கு அடுத்து ‘3ஏ’, அதற்கு அடுத்து ஐந்து. சீன மொழியில் நாலு என்று சொன்னால் சாவு என்பதுபோல் காதில் விழுமாம். அதனால் அந்த எண்ணையே கழற்றி எறிந்துவிட்டார்கள். நாங்கள் குடியிருப்பது அந்த 3ஏ-யில்தான். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்த ஒரு மாலையில், லிஃப்டில் நின்ற சீனப் பெரியவர் ஒருவர் குனிந்து என் மகளிடம் ஆங்கிலத்தில் வயது கேட்டார். மகிழ் நான்கு விரல்களை நீட்டி, "த்ரீ ஏ" என்றாள். அவர் குலுங்கிச் சிரித்தார், நானும் சிரித்தேன். கதவு திறந்தது. மகிழ் குதிகால்களைத் தூக்கிக்கொண்டு, தண்ணீரின்மேல் நடப்பவளைப்போல நுனிக்காலில் தாழ்வாரத்தைக் கடந்து போனாள். அப்போதுதான் எனக்குத் தோன்றியது: இந்தப் பிள்ளையைத் தரைக்குக் கொண்டுபோக வேண்டும்.

நுனிக்கால் நடைக்குக் காரணம் எங்கள் கீழ்வீடு. அங்கே இரவுப் பணிக்குப் போகிற செவிலி ஒருவர் இருக்கிறார். பகலில் அவர் தூங்கவேண்டும். பகலில்தான் மகிழ் ஓடுவாள். ஒருநாள் கதவில் ஒரு பை தொங்கியது. உள்ளே பாண்டான் இலை வாசனையோடு பச்சைநிறப் பலகாரமும், பிள்ளையைக் கொஞ்சம் மெதுவாக நடக்கச் சொல்ல முடியுமா என்று கேட்கும் சீட்டும் இருந்தன. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். பலகாரம் கொடுத்துக் கேட்டவரை என்ன செய்வது? அன்றிலிருந்து நாள் முழுக்க நான் சொன்ன ஒரே சொல் "மெதுவா". மகிழ் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டதை எங்கே நிறுத்துவது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. பூங்காப் புல்லிலும் நுனிக்கால், கோயில் பிராகாரத்திலும் நுனிக்கால்.

வாடகை ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருந்தது. என் சுபாவம் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும்: ஒன்றைப் பிடித்துவிட்டால் அன்றைக்கே நோட்டு வாங்கிவிடுவேன். ஊர்ப் பெயர்களை ஒருபக்கம் எழுதி, பாலர் பள்ளி, கிளினிக், ரயில், நடைபாதை, மாலை ஐந்தரைக்கு வெளியே விளையாடும் பிள்ளைகள் என்று கட்டம் போட்டேன். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு ‘குதிகால்’. கணவர் சரவணன் அதைப் பார்த்துவிட்டு, "மத்தவங்க வீடு பாக்கப் போறாங்க, நீ லாடம் அடிக்கப் போற" என்றார். சொன்னாரே தவிர, ஒவ்வொரு சனிக்கிழமையும் பதினோரு மாதக் கைக்குழந்தை கதிரை மார்பில் கட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

சுபாங்கில் வழவழப்பான விளையாட்டுத் திடல் இருந்தது. தரையெல்லாம் ரப்பர். மகிழ் அதில் நுனிக்காலில் நடந்து சறுக்குமரத்தைச் சுற்றிவிட்டு வந்தாள். ரவாங்கில் வரிசை வீடுகள், வாசலுக்கு வாசல் பூந்தொட்டி, தெருமுனையில் தடுப்புக்கட்டையும் காவலரும். மணி ஐந்தரை, தெருவில் ஒரு பிள்ளைகூட இல்லை. காவலர் மலாயில், "சாரி சியாப்பா?" என்றார். யாரைத் தேடுகிறீர்கள் என்று அர்த்தம். நான் கற்றிருந்த இருபது மலாய்ச் சொற்களில் குழந்தைக்கான சொல்லும் உண்டு. பெருமையாக, "புடாக்" என்றேன். குழந்தை தேடி வந்திருப்பதாகச் சொல்லும் பெண்ணை அவர் எப்படிப் பார்ப்பார்? எங்கள் கடவுச்சீட்டுகளைக் கேட்டு வாங்கி, படத்தில் இருந்த மகிழையும் நேரில் நின்ற மகிழையும் மூன்று முறை ஒப்பிட்டுப் பார்த்தார். திரும்பும் ரயிலில் சரவணன் சிரித்து முடிக்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் வீட்டுத் தரகர் தினேஷின் எண் கிடைத்தது. தமிழ்க்குரல் கேட்டதும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"எந்த மாதிரி ஏரியாக்கா பாக்குறீங்க? கொண்டோவா, தரை வீடா?"

"அதெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியல அண்ணே. கம்பம் மாதிரி இருந்தா போதும்."

"கம்பமா? சின்னப் பிள்ளைங்கள வச்சிக்கிட்டா? ஷுவராக்கா?"

"நான் கம்பத்துலயே பொறந்து வளந்தவ."

"ஓகேலா. இப்பல்லாம் கம்பம்தான் வேணும்னு யாரு கேக்குறா? கிள்ளான் தாண்டி ஒன்னு இருக்கு. காட்டுறேன்."

தேனி மாவட்டத்துக் கம்பத்தைக் கோலாலம்பூர்த் தரகர் ஒருவர் இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாரே என்று வியந்துபோனேன். எங்கள் ஊர் ஆட்கள் கூட்டமாக வந்து குடியேறிய இடமாக இருக்கும் என்று முடிவே கட்டிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை போர்ட் கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலில் உட்கார்ந்து, கண்ணாடிக்கு வெளியே ஓடிய செம்பனை மரங்களுக்கு நடுவே எங்கள் ஊர்த் திராட்சைப் பந்தல்களை நட்டுக்கொண்டே போனேன். மலையும் வைத்தேன். மலைமேல் கொஞ்சம் மேகத்தையும் இறக்கினேன். குளிரூட்டிய பெட்டியில் மகிழ் என் மடியில் தூங்கினாள். தூக்கத்திலும் அவள் பாதங்கள் விறைத்து நீண்டிருந்தன.

உண்மையைச் சொல்ல வேண்டும். கம்பத்தில் நானும் அப்படியொன்றும் ஓடித் திரியவில்லை. எட்டு வயதுவரை பந்தலுக்குக் கீழே தலைதெறிக்க ஓடியிருக்கிறேன், திராட்சைக் குலைகள் தலையில் இடிக்கும். அதன்பிறகு அப்பா, "பூமி அதிராம நடம்மா, பொம்பளப் பிள்ளை" என்று சொல்லத் தொடங்கினார். கோபமாகச் சொல்லமாட்டார், செல்லமாகத்தான் சொல்வார். செல்லமாகச் சொன்னதால் நான் கேட்டேன். மகிழின் குதிகாலை உயர்த்தியது கீழ்வீட்டுச் செவிலி மட்டும்தானா என்று அந்த ரயிலில் யோசித்தேன். "மெதுவா" என்று நான் சொல்லும்போது என் வாயில் இருந்தது யாருடைய குரல்?

கிள்ளானைத் தாண்டி இரண்டாவது நிறுத்தத்தில் தினேஷ் காரோடு நின்றார். பெரிய சாலையில் கண்டெய்னர் லோரிகள் வரிசையாகத் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு வளைவில் திரும்பியதும் அந்த இரைச்சல் கதவு சாத்தியதுபோல நின்றது. மண் பாதை, ரம்புத்தான் மரம், தகரக் கூரை. ஆளுயரத்தில் முக்கால்வாசியே இருக்கும் குட்டைத் தூண்களின்மேல் நிற்கும் பலகை வீடு. பந்தலும் இல்லை, மலையும் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து உரிமையாளர் கலா அக்கா வந்தார். துறைமுகக் கிடங்கில் ஷிப்ட் வேலை. சீருடையைக்கூட இன்னும் மாற்றியிருக்கவில்லை.

"வாங்க, பசியாறியாச்சா? நீங்களும் கம்பத்து ஆளுன்னு தம்பி சொன்னாரு. எந்தக் கம்பம்?"

"கம்பம்தான் அக்கா."

"அது சரி, எந்தக் கம்பம்னு கேக்குறேன். பேரு இருக்கும்ல?"

"பேரே கம்பம்தான் அக்கா."

அவர் தினேஷைப் பார்த்தார். தினேஷ் என்னைப் பார்த்தார். நான் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து தேனிக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினேன். கலா அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். "ஐயோ தங்கச்சி, கம்பம்னா இங்க கிராமம்லா. மலாய்க்காரங்க கம்போங்னு சொல்றது நம்ம வாயில வந்து கம்பமாயிருச்சு. இந்த நாட்டுல ஆயிரம் கம்பம் இருக்கு. உங்க ஊருல ஒரு ஊருக்கே அந்தப் பேரா?"

"அப்ப எங்க வீட்டம்மா கேட்டது கிடைச்சிருச்சு," என்றார் சரவணன், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "அவ கேட்டது என்னன்னுதான் அவளுக்குத் தெரியல."

மன்னிப்புக் கேட்டுக் கிளம்பிவிடலாம் என்று திரும்பினேன். அப்போதுதான் அந்தச் சத்தம். தொம். தொம். தொம்தொம்தொம். பலகை வீட்டுக்குள்ளிருந்து வந்தது. திறந்து கிடந்த கதவு வழியாக ஒரு கோழி வெளியே பாய, பின்னாலேயே மகிழ், வாய் நிறையச் சிரிப்போடு, முழுப் பாதமும் பலகையில் அறைய ஓடிவந்தாள். வீடே அதிர்ந்தது. என்னையறியாமல் என் வாய் "மெ..." என்று திறந்தது.

"விடுங்கலா, ஓடட்டும்," என்றார் கலா அக்கா. "கீழ யாரு இருக்கா? கோழிதானே."

குறைகளை நோட்டில் எழுதாமல் இல்லை. சரவணனின் அலுவலகத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். நடைபாதை கிடையாது. லோரி போகும் வளைவைத் தாண்டித்தான் பாலர் பள்ளி. இரவில் கதிருக்குக் காய்ச்சல் வந்தால் கார் இல்லாமல் ஒன்றும் ஆகாது. என் கட்டங்களில் பெரும்பாலானவை காலி, ‘குதிகால்’ மட்டும் நிரம்பியிருந்தது. கலா அக்காவே வழி சொன்னார்: "பள்ளி லீவுல ஒரு மாசம் வந்து இருந்து பாருங்க. பிடிக்கலன்னா போய்க்கிட்டே இருங்க. நான் என்ன தாலியா கட்டிவிட்டேன்?"

அன்று மாலை பிரிக்பீல்ட்ஸ் திரும்பினோம். லிஃப்டில் மகிழ்தான் 3ஏ-யை அழுத்தினாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியவள், அதோடு குதிகாலையும் கழற்றி வைத்தவளைப்போல நுனிக்காலில் உள்ளே போனாள். ஆனால் அவள் முகத்தில் ஒரு ரகசியம் இருந்தது. இப்போது அவளுக்கு இரண்டு நடைகள்.

ஊரிலிருந்து அப்பா வீடியோவில் அழைத்தபோது கைப்பேசியை அவள்தான் எடுத்தாள். நான் சமையலறையிலிருந்து வந்து சேர்வதற்குள் சொல்லிவிட்டாள்: "தாத்தா, நாங்க கம்பத்துக்குப் போறோம்."

திரையில் அப்பா எழுந்தே நின்றுவிட்டார். படத்தில் அவருடைய சட்டைப் பொத்தான்கள் மட்டும் தெரிந்தன. "எப்பம்மா? டிக்கெட் போட்டாச்சா? மாடி ரூமை வெள்ளையடிக்கச் சொல்லவா?"

சரவணன் என்னைப் பார்த்தார். கலா அக்காவைப்போல ஒரே வரியில் சொல்லியிருக்கலாம், கம்பம்னா இங்க கிராமம் என்று. "அப்புறம் பேசுறேன்ப்பா" என்று மட்டும் சொன்னேன்.

வரும் சனிக்கிழமை இரண்டு பை, ஒரு குக்கர், கதிரின் தொட்டில் துணியோடு கிளம்புகிறோம். திங்கட்கிழமை காலை சரவணன் முதல் கொமுட்டரைப் பிடித்துப் பார்ப்பார். நான் மகிழின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த லோரி வளைவைக் கடந்து பார்ப்பேன். நடுவில் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. அன்று அப்பாவை அழைத்து, கைப்பேசியைப் பலகைத் தரையில் வைக்கப்போகிறேன். மகிழ் ஓடட்டும். பூமி அதிர்வதை முதலில் அவர் கேட்கட்டும். பிறகு எந்தக் கம்பம் என்று சொல்லிப் பார்க்கிறேன்.