அத்தை சுட்ட பஜ்ஜி

சூரியநெல்லிக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு கூடார முகாம் இருந்தது. வெளியூர்க்காரர்கள் காசு கொடுத்துத் துணிக்குள் படுக்க வருவார்கள். கல்சுவருக்குள் இருந்துகொண்டே யானைக்குப் பயந்த எங்களுக்கு அது விளங்கவே இல்லை. அப்பாவின் தங்கை, என் அத்தை, அங்கே சமையல். பள்ளி விடுமுறையில் நானும் கூடவே போய்விடுவேன். அத்தையின் கைப்பக்குவம் அப்படி.

வந்தவர்கள் பையை இறக்கியதுமே அத்தை கூடாரம் கூடாரமாகப் போய், தின்பண்டங்களை எல்லாம் வாங்கிவந்து அடுக்களையில் வைத்துவிடுவார். முகாமில் கான்கிரீட் கட்டடம் அது ஒன்றுதான். சுற்றிலும் ஆழமாகப் பள்ளம் வெட்டி, கடந்துபோக ஒரு பலகை போட்டிருந்தது. "ஆனைக்கு மூக்குதான் கண்ணு" என்பார் அத்தை.

அன்று மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. வழியில் வாங்கிய பலாப்பழத்தைக் கொடுக்க மனமில்லாமல் போர்வையில் சுற்றி ஒளித்துவிட்டார்கள். முழுப் பூசணிக்காயைக்கூடச் சோற்றில் மறைத்துவிடலாம், பழுத்த பலாவை எங்கே மறைப்பது?

மாலையில் மஞ்சு, அதுதான் மூடுபனி, இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தை சட்டென்று நிமிர்ந்து மூச்சை இழுத்தார். ஈரச் சாணி வாடை எனக்கும் வந்தது. ஏதோ மாடு என்று நினைத்தேன்.

"ஏட்டி, அடுப்புகிட்ட போய் உக்காரு. எந்திரிச்சேன்னா தோல உரிச்சிருவேன்." முதுகில் ஒன்று வைத்து என்னை உள்ளே தள்ளிவிட்டு, பலகையைத் தாண்டி மஞ்சுக்குள் போனார்.

"அண்ணாச்சி, சூடா பஜ்ஜி போட்டிருக்கேன், வாங்க. ஆறுனா நல்லாருக்காது. டார்ச்சு எல்லாம் வேண்டாம்க்கா, என் பின்னாலயே வாங்க."

அடுப்பில் வெறும் சட்டிதான் இருந்தது. யானை எங்கே நிற்கிறது என்று தெரியாத மஞ்சில், பந்திக்கு அழைக்கிற குரலில் அத்தை பேசியதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. கத்தியிருந்தால் ஆளுக்கொரு பக்கம் ஓடியிருப்பார்கள். ஒன்றும் தெரியாமல் சிரித்துப் பேசிக்கொண்டே எல்லோரும் உள்ளே வந்தார்கள்.

"பாப்பா தூங்குறா, அப்புறமா எழுப்பிக்கலாம்" என்றார் அந்த அம்மா.

அத்தை உடனே திரும்பிப் போனார். தூங்கும் பிள்ளையைத் தோளில் சாத்திக்கொண்டு வந்து, பலகையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். சற்று நேரத்தில் வெளியே துணி கிழியும் சத்தம் கேட்டது. கத்த வாயெடுத்த அந்த அம்மாவின் மடியில் பிள்ளையைக் கிடத்தி, உதட்டில் விரல் வைத்தார்.

பலாப்பழத்தைத் தின்று யானை போனபின், அத்தை நிஜமாகவே பஜ்ஜி சுட்டார். "சொன்னா செய்யணும்லா" என்றார். மாவு அடுப்பெல்லாம் சிந்தியது.

எல்லோரும் சாப்பிட்டார்கள். நான் தொடவில்லை. யாரோ பெற்ற பிள்ளையைத் தோளில் தூக்கி வந்தவர், சொந்த அண்ணன் மகளை அடித்து விரட்டிவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம். அத்தனை பேரிலும் அவர் முதலில் பத்திரப்படுத்தியது என்னைத்தான் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.