புகார் சாரின் தலை

குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார என்ன தகுதி வேண்டும்? எங்கள் புகார் சாருக்கு அது உடம்போடு வந்து சேர்ந்தது. அவர் தலை, யாரும் கேட்காமலே, இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருக்கும். “தண்ணி வரலை சார்” என்று சொல்லி முடிப்பதற்குள் “இல்லை, இல்லை” என்று பதில் கிடைத்துவிடும். பாதிப் பேர் அத்தோடு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். புகாரே தேங்காத பிரிவு என்று மேலதிகாரிகள் அவரைப் பாராட்டினார்கள்.

கழுத்துத் தசையில் கோளாறு என்றார் டாக்டர். உயிருக்கு ஒன்றுமில்லை, மாத்திரை கொஞ்சம் அடக்கும், பதற்றப்பட்டால் கூடும். பதற்றமோ கத்தரிக்கோலைக் கண்டதும் வந்துவிடும். ஆகவே முடிவெட்டிக்கொள்ளப் போகும்போதெல்லாம் மனைவியும் கூடவே போவார். பூசணிக்காய் வாங்குகிறவர் மாதிரி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, “காதுகிட்ட ஒட்ட வெட்டுங்க, இல்லேன்னா மாமனார் மாதிரியே இருக்காரு” என்று ஆணையிடுவார். காத்திருப்பவர்கள் கைப்பேசியைக்கூட மறந்து இதைப் பார்ப்பார்கள். ஐம்பது தாண்டிய அந்த மனிதருக்கு ஒரே ஓர் ஆசைதான் பாக்கி: தலையை யாரும் பிடிக்காமல் ஒரு தடவையாவது முடிவெட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரு சனிக்கிழமை, பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, தெருக்கோடியில் புதிதாகத் திறந்த சலூனில் போய் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர் மாதிரி நெஞ்சு அடித்தது. தலை முழு வேகம் பிடித்தது.

கடைக்காரப் பெண் துணியைப் போர்த்திக் கழுத்தில் கட்டினாள்.

“ஷார்ட்டா வெட்டிரலாமா சார்?”

தலை மறுத்தது.

“மீடியமா?”

மறுத்தது.

“நுனி மட்டும்?”

அதுவும் கூடாதாம்.

“பின்ன எதுக்கு சார் வந்தீங்க, ஏசிக் காத்து வாங்கவா?”

“ஷார்ட்டாவே வெட்டும்மா,” என்றார் வாயால். தலை அதையும் ஆட்சேபித்தது.

“வாய் சொல்றதைக் கேக்கவா, தலை சொல்றதைக் கேக்கவா?”

“வாயை நம்பும்மா. தலை என் பேச்சைக் கேக்காது. வியாதி.”

“எங்க வீட்டுக்காரருக்கு வாயே அப்படித்தான். கொஞ்சம் பிடிச்சுக்கவா சார்?”

“பிடிக்கவே கூடாது!”

ஓடுகிற பஸ்ஸில் ஏறப் பார்ப்பவளைப் போல் அவள் கத்தரிக்கோலோடு தலைக்குப் பின்னாலேயே அலைந்தாள். இரண்டு வெட்டு காற்றில் விழுந்தது. அடுத்தது சீப்பில்.

“காதுல விழுந்தா நான் பொறுப்பில்ல சார். வீட்ல யாரையாவது வரச் சொல்லுங்க.”

ஆசை அவ்வளவுதான் என்று ஆனபோது, தாடையில் ஒரு முடித் துணுக்கு ஒட்டிக்கொண்டு அரித்தது. புகார் சார் துணிக்கு வெளியே கையை நீட்டி, தாடையில் ஒரு விரலை வைத்தார். கரண்ட் போன மின்விசிறி மாதிரி தலை மெதுவாக நின்றது.

அந்த விரல் பட்டால் தலை நிற்பது ஒன்றும் புதிதல்ல. அலுவலகத்தில் அது தாடையில் இருக்கும்போது, சார் தங்கள் புகாரைப் பற்றி யோசிக்கிறார் என்று ஜனங்கள் நம்பினார்கள். சலூன்களில்தான் முதல் காரியமாகக் கையைத் துணிக்குள் சிறை வைத்துவிடுவார்கள். அவரும் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை. புகார் வாங்குகிறவருக்குப் புகார் செய்து பழக்கம் ஏது?

“அப்படியே இருங்க சார்! அசையாதீங்க!”

அவரிடம் யாரும் சொல்லத் துணியாத வாக்கியம் அது. கீழ்ப்படிந்தார். கத்தரிக்கோல் குஷியாகப் பாடத் தொடங்கியது.

பாலையும் காணோம், ஆளையும் காணோம் என்று தேடி வந்த மனைவி, நீட்டிய கைகளோடு உள்ளே பாய்ந்தார்.

“நானில்லாமலா? ஏம்மா, காது இருக்கா?”

“ரெண்டும் இருக்குக்கா.”

மனைவி பார்த்தார். நிற்கிற தலை. கைகள் அந்தரத்திலேயே நின்றன.

“அப்ப நான் எதைப் பிடிக்கிறது?” குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “ஒரு நிமிஷம் பிடிச்சுக்கறேனே. பழகிடுச்சு.”

புகார் சார் மாபெரும் சிந்தனையாளரின் தோரணையில், விரலை எடுக்காமலே யோசித்தார். “வெட்டி முடியட்டும். வீட்டுக்குப் போய்ப் பிடிச்சுக்க.”

“சீ, ஆளைப் பாரு,” என்று மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய பக்கமும் கண்ணாடி. அதில் அவர் சிரிப்பது மூவருக்கும் தெரிந்தது.

“சார், நீங்க சிரிக்காதீங்க,” என்றாள் கடைக்காரப் பெண், “விரல் நழுவுது.”