காலி போட்டு

தணிகைவேலுக்குப் பயம் அதிகம். இதில் மறைக்க ஒன்றுமில்லை, அவனே மறைத்ததில்லை. திருக்கழுக்குன்றத்துப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். சொந்தமாக ஒரு பிக்கப் வண்டியும், பின்னால் மாட்டி இழுக்க ஒரு ட்ரெய்லரும் வைத்திருக்கிறான். சுமையின் எடை தெரியாமல் சாவியைத் தொடமாட்டான். நெம்மேலிக்குப் பைப்பு ஏற்றினாலும் சரி, மாமல்லபுரத்துப் பட்டறையிலிருந்து சிலை ஏற்றினாலும் சரி, "எவ்ளோ வெயிட்டு? யாரு சொன்னது?" என்று நச்சரித்துவிடுவான். வண்டி ஸ்டாண்டில் அவனுக்குத் 'தராசு' என்றே பேர்.

சும்மா வந்த பயமில்லை அது. முன்பு கல் லாரியில் கிளீனராக இருந்தபோது, மேட்டில் நின்ற லாரி பாரம் தாங்காமல் பின்னால் உருண்டு ஒரு டீக்கடை பெஞ்சை நசுக்கியது. அந்தப் பெஞ்சிலிருந்து அவன் அப்போதுதான் எழுந்து போயிருந்தான். அன்றிலிருந்து மேடு என்றாலே அவனுக்குப் பயம்.

சதுரங்கப்பட்டினத்தில் மீனவன் கண்ணாயிரத்தின் ஃபைபர் படகுக்கு, அவர்கள் பேச்சில் 'போட்டு'க்கு, அடியில் விரிசல் விட்டிருந்தது. திருக்கழுக்குன்றம் ரோட்டில் இருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். தணிகைவேல் முந்தின நாளே ட்ரெய்லரைக் கரையில் விட்டுவிட்டு வந்திருந்தான். காலையில் போய்ப் பார்த்தால், போட்டை ஏற்றி, தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியே வைத்திருந்தார்கள்.

"அண்ணாத்த, இன்னா வெயிட்டு வரும்?"

"காலி போட்டு தம்பி. ஐந்நூறு கிலோ. வித்தவனே சொன்னான்."

"உள்ள வேற எதுனா கீதா?"

"காலின்றேன், மறுக்கா மறுக்கா கேக்குறியே."

அவன் வண்டி இழுக்கக்கூடியது ஒரு டன். ட்ரெய்லர் மட்டுமே நானூறு கிலோ. போட்டு ஐந்நூறு. இன்னும் நூறு கிலோ இடமிருந்தது. கணக்கு சரிதான். ஆனாலும் மனசு கேட்காமல் தார்ப்பாயின் ஓரத்தில் கை வைத்தான்.

"இன்னா தம்பி, போட்டு இழுக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்றாள் கண்ணாயிரத்தின் மனைவி வேண்டா. கரையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். தணிகைவேலும் அசடு வழியச் சிரித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

ட்ரெய்லரைக் கொக்கியில் மாட்டியதும் வண்டியின் பின்பக்கம் வழக்கத்தைவிடக் கீழே போனது. பார்த்தான். பார்த்தும் ஏறி உட்கார்ந்தான். கண்ணாயிரமும் வேண்டாவும் ஸ்கூட்டரில் பின்னால் வந்தார்கள்.

முதல் வேகத்தடையில் பிரேக் போட்டபோது யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல ட்ரெய்லர் முட்டியது. ஸ்டியரிங் கையில் நிற்காமல் லேசாக ஆடியது. முன்சக்கரம் ரோட்டில் பதியவில்லை என்று அவனுக்குப் புரிந்தது. நிறுத்திப் பார்த்துவிடலாமா? நிறுத்தினால் வேண்டா மறுபடி சிரிப்பாள். அந்த நினைப்பிலேயே கால்வாய்ப் பாலத்தின் மேடு வந்துவிட்டது.

பாதி மேட்டில் எஞ்சின் திணறி நின்றது. பிரேக்கை மிதித்தான், கைப்பிரேக்கையும் இழுத்தான். வண்டி நிற்கவில்லை. டயர்கள் கீச்சிட, அங்குலம் அங்குலமாகப் பின்னால் சறுக்கியது. கண்ணாடியில் பார்த்தான். பின்னால் ஒட்டி வந்த ஸ்கூட்டர் விலகப் பார்த்துக் கவிழ்ந்து கிடந்தது, அதன் அடியில் வேண்டாவின் கால் மாட்டியிருந்தது. அவள் கத்துவது தெரிந்தது, காதில் விழவில்லை. அந்தப் பழைய பெஞ்சுதான் கண்முன் வந்தது. இறங்கி ஓட முடியாது, பிரேக்கிலிருந்து கால் எடுத்தால் அவள் செத்தாள். இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு ஐயோ ஐயோ என்று அலறினான்.

கண்ணாயிரம் ஓடி வந்தான். கயிற்றை அறுத்து, தார்ப்பாயை விலக்கி, உள்ளே கைவிட்டு எதையோ இழுத்து ட்ரெய்லர் சக்கரத்துக்கு அடியில் போட்டான். டமார் என்று ஒரு சத்தம். வண்டி நின்றது.

வேண்டாவை வெளியே இழுத்துவிட்ட பிறகுதான் தணிகைவேல் சக்கரத்தைப் பார்த்தான். அடியில் இருந்தது இரும்பு நங்கூரம்.

"இது ஏதுண்ணா?"

"போட்டுல இருந்துது."

தணிகைவேல் ட்ரெய்லரில் ஏறி எட்டிப் பார்த்தான். எஞ்சின், ஐஸ் பெட்டி, டீசல் கேன், எல்லாவற்றுக்கும் மேலே குன்றாகக் குவிந்த ஈர வலை. கரையில் விட்டால் வலையை நாய் கடித்துக் குதறிவிடும், மற்றதை எவனாவது தூக்கிவிடுவான் என்று மொத்தத்தையும் போட்டிலேயே வைத்திருந்தார்கள்.

"காலின்னியே அண்ணாத்த!"

கண்ணாயிரத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. பொய் சொல்லும் ஆளில்லை அவன். "காலிதான் தம்பி. நீயே பாரேன், ஒரு மீனு கீதா?"

தணிகைவேலுக்கு அழுகை வந்துவிட்டது. ரோட்டோரமாகக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வேண்டா, ட்ரெய்லருக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவே மிச்சமிருந்த ஒரு சாண் இடத்தையே பார்த்தாள்.

"நீ தார்ப்பாய தூக்கிப் பாத்திருக்கலாமே தம்பி" என்றாள்.

"தூக்கத்தான் கை வெச்சேன்க்கா. நீ சிரிச்ச."

வேண்டா எழுந்தாள். நொண்டிக்கொண்டே போய், ஈர வலையின் ஒரு முனையைப் பிடித்துக் கீழே இழுக்க ஆரம்பித்தாள்.