தாத்தா சி.டி.யில் ஏழாவது பாட்டு

1. முதல் நாள் சொன்ன சட்டம்

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ரெக்கார்டிங் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி அண்ணன் ஒரே ஒரு சட்டம்தான் சொன்னார். "லதா, பேரப் பாத்து பாட்ட ரைட் பண்ணாத. காதுல கேட்டுட்டு ரைட் பண்ணு."

இரண்டாயிரத்துச் சொச்சம் அது. கேசட் போய் சி.டி. வந்துகொண்டிருந்தது. கஸ்டமர் ஒரு சீட்டில் பாட்டுகளை எழுதிக் கொடுப்பார். நாங்கள் ஹார்டு டிஸ்கில் தேடி எடுத்து சி.டி.யில் ஏற்றிக் கொடுப்போம். அதற்குத்தான் ரைட் பண்ணுவது என்று பெயர்.

ஆறு மாதத்தில் எனக்குத் தலைக்கனம் ஏறியது. கேட்காமலே ரைட் பண்ண ஆரம்பித்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதனால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன்.

2. செல்வியின் சீட்டு

செல்வி பீங்கான் பொம்மை கம்பெனியில் அச்சுக்கு மண்கூழ் ஊற்றுகிற பெண். ஷிப்ட் முடிந்து நேராகக் கடைக்கு வந்தாள். விரல் இடுக்கெல்லாம் வெள்ளை மண்.

"எங்க தாத்தாவுக்கு எம்பது வயசு ஆவுதுக்கா. அப்பா அம்மா இல்லாத என்ன வளத்ததே அவருதான். ஞாயித்துக்கெழம வூட்ல சாப்பாடு போடறோம். தாத்தாவப் பத்துன பாட்டா போட்டுக் குடுங்க. எனக்குத் தெரிஞ்ச ஆறு பாட்டு எழுதியிருக்கேன், மிச்சத்த நீங்களே பாத்துப் போடுங்க."

ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் எனக்கு. அவள் எழுதிய ஆறையும் ஏற்றினேன். பிறகு தேடும் கட்டத்தில் 'தாத்தா' என்று அடித்து, வந்ததையெல்லாம் அப்படியே இழுத்துப் போட்டேன். ஏழாவதாகப் போய் விழுந்தது ஒப்பாரி. செத்துப்போன தாத்தாவை நினைத்துப் பேத்தி அழுகிற பாட்டு. முதல் வரியைக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும்.

3. ஞாயிற்றுக்கிழமை

எங்கள் பக்கத்தில் கூம்பு ஸ்பீக்கரில் ஒப்பாரி ஓடினால் அந்த வீட்டில் சாவு என்று அர்த்தம். செத்தவரை மாலை போட்டு நாற்காலியில்தான் உட்கார வைப்போம்.

கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் செல்வியின் ஊரில் அன்று பெரியவரைப் பந்தலில் மாலையோடு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய அவருடைய தங்கை காதில் ஏழாவது பாட்டு விழுந்தது. சீர்த்தட்டை ரோட்டிலேயே போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். அண்ணன் மாலையோடு உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான், காலைக் கட்டிக்கொண்டு அழுதாராம்.

"அடியே, நான் இருக்கேன்டி" என்று அண்ணன் சொல்லியும் தங்கைக்கு அழுகை நிற்கவில்லையாம்.

மறுநாள் செல்வி சி.டி.யோடு வந்து இதைச் சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"கெழவன் எப்பச் சாவான்னு காத்துக்கெடக்கறியான்னு சேத்தியாத்தோப்புச் சின்னப் பாட்டி கேட்டுட்டாங்கக்கா. வூட்ல யாரும் எங்கிட்ட பேச மாட்டேங்கறாங்க."

முதலாளி திரும்பினார். "ஏம்மா லதா, கேட்டுட்டுத்தான் ரைட் பண்ணியா?"

"கேட்டேன்ணா. அவங்க சீட்டுலயே அந்தப் பாட்டு இருந்துச்சு."

"சீட்டு எங்க?"

"கிழிச்சுப் போட்டுட்டேன்."

சீட்டு கீபோர்டுக்கு அடியில் இருந்தது. செல்வி என்னையே பார்த்தாள். சி.டி.யை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் போன பிறகுதான் சீட்டை எடுத்துக் கிழித்தேன்.

4. பெரியவர் வந்தார்

அந்த வாரமே பெரியவர் தனியாக பஸ் ஏறி வந்தார். முதலாளி டீ குடிக்கப் போயிருந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

"ஒக்காரு பாப்பா. அந்தப் பாட்ட பாதியில நிறுத்திப்புட்டானுவ. முழுசா ஒரு வாட்டி போடு. எனக்கு அழுவுற பாட்ட நான் கேக்காம வேற யாரு கேக்கறது?"

போட்டேன். ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்: "எனக்கு ஒண்ணும் கோவமில்ல. அந்தப் புள்ளதான் சோறு எறங்காம கெடக்குது. எந்தங்கச்சி ஞாயித்துக்கெழமயானா வூட்டுக்கு வரும். நீ வந்து, என் கைத் தப்புன்னு ஒரு வார்த்த சொல்லிப்புட்டுப் போ."

"வர்ற ஞாயிறு வரேன் தாத்தா."

போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. போனால் முதலாளிக்குத் தெரிந்துவிடும், வேலை போய்விடும் என்று பயம். வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன்.

5. இரண்டாவது சி.டி.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். செல்வி கடை வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"தாத்தா தவறிட்டாருக்கா. அந்தப் பாட்டுதான் போடணும்னு சொல்லி வெச்சிருந்தாரு. இந்த வாட்டி கேட்டுட்டுப் போட்டுக் குடுங்க."

முழுதும் கேட்டேன். கேட்டுக்கொண்டே அழுதேன்.

"நீங்க வருவீங்கன்னு ரெண்டு ஞாயிறு பஸ் ஸ்டாப்புலயே ஒக்காந்திருந்தாரு" என்றாள்.

முதலாளியிடம் அங்கேயே உண்மையைச் சொன்னேன். "மொதல்ல போய்ச் சொல்லிட்டு வா" என்றார். செல்வியோடு பஸ் ஏறினேன். சாவு வீட்டில் பெரியவர் அதே நாற்காலியில் மாலையோடு இருந்தார். சேத்தியாத்தோப்புத் தங்கை முன்னால் நின்று, "அன்னிக்கு அந்தப் பாட்டப் போட்டது நான்தாம்மா. செல்வி மேல தப்பில்ல" என்றேன்.

அந்த அம்மா செல்வியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "செத்த வூட்டுக்கு வழி தெரிஞ்சு வந்துட்ட. அந்த மனுஷன் வழி பாத்து ஒக்காந்திருந்தப்ப வரத் தெரியலியா?"

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலாளி சொன்ன சட்டத்தைத்தான் நானும் சொல்கிறேன். அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: கை தவறினால் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள்.