அம்மா பூட்ஸைக் கழற்றிய இடம்: ஐஸ்லாந்துக்கு ஏன் போக வேண்டும்

போன அக்டோபரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒன்பது நாள் ஐஸ்லாந்து போய் வந்தேன். அவ்வளவு செலவு செய்து போக அங்கே என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கும், டிக்கெட் போடலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும் ஒரே பதில்தான்: போங்கள். நான் செய்த ஒரு தப்பை மட்டும் செய்யாதீர்கள்.

அக்டோபர் ஏன் என்றால், மழை இறங்கியதும் மரக்காணத்தில் உப்பளம் மூடிவிடும். அம்மாவுக்கு அப்போதுதான் லீவு. ஐஸ்லாந்து ஏன் என்றால், அதற்கு அவள் கால்தான் காரணம். அம்மாவுக்குச் சர்க்கரை. இருபத்தைந்து வருஷம் பாத்தியில் இறங்கி உப்பு வாரிய பாதங்களில் இப்போது உணர்ச்சியே கிடையாது. பயணத்துக்கு முந்தின வருஷம் கால் கட்டை விரலில் வந்த புண் ஆற ஐந்து மாதம் பிடித்தது. இன்னொரு புண் வந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று புதுச்சேரி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த ஐந்து மாதமும் கட்டிலில் கிடந்து என் பழைய மொபைலில் ஐஸ்லாந்து வீடியோவாகப் பார்த்தாள். புண் ஆறிய அன்று கேட்டாள்: "அந்தப் பொகை வர்ற ஊருக்குப் போலாமாடா?"

மரக்காணத்திலிருந்து சென்னை விமான நிலையம் 110 கி.மீ., டாக்சி 3,200 ரூபாய். அங்கிருந்து ஃபிராங்க்பர்ட், ஐந்து மணி நேரக் காத்திருப்பு, பிறகு ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக் விமான நிலையம். ஒருவருக்குப் போக வர 84,000 ரூபாய். ஷெங்கன் விசா போதும். அம்மாவுக்குக் கணுக்கால் வரை மூடும் பூட்ஸ் 6,500 ரூபாய்க்கு வாங்கினேன், கூட இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ். கல்லைக் கட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்கிறது என்று வழி முழுக்கப் புலம்பல். எனக்குப் பொறுமை குறைவு. பேசாமல் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

வாடகைக் கார் கொடுத்த பையன் ஒரே விஷயத்தை மூன்று தரம் சொன்னான்: கதவைத் திறக்கும்போது இரண்டு கையாலும் பிடியுங்கள், காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும், அதற்கு இன்சூரன்ஸ் கிடையாது. அம்மாவிடம் சொன்னேன். "நம்ம ஊரு புயல்ல கூரைதான் போவும். இங்க கதவா?" என்று சிரித்தாள்.

இப்போது, ஏன் போக வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஐம்பது கி.மீ. தூரத்துக்குக் எரிமலைக் குழம்பு ஆறிக் கருங்கல்லாகக் கிடக்கிறது. அதன் மேல் பாசி. மரம் இல்லை, வரப்பு இல்லை, விளம்பரப் பலகை அநேகமாக இல்லை. தரைக்குள்ளிருந்து எடுக்கிற வெந்நீர் குழாய் வழியாக வீடு வீடாகப் போய் அறையைச் சூடாக்குகிறது. நான் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். அந்தக் குழாய்களைப் பார்ப்பதற்காகவே தனியாக ஒரு தடவை போவேன். அந்த வெந்நீரில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், ஆனாலும் குளிக்கலாம். குடிக்கத் தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், குளிர்ந்த தண்ணீர்க் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம்.

மூன்றாம் நாள் காலை 10.20க்குத் தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து 37 கி.மீ. தள்ளியிருக்கும் க்ரிசுவிக் போய்ச் சேர்ந்தோம். மலையடிவாரத்தில் தரை கொதிக்கிற இடம். மரப்பலகைப் பாதை, ஓரத்தில் முழங்கால் உயரக் கயிறு, வாசலில் எச்சரிக்கைப் பலகை. படித்தேன். தொழிற்சாலையில் பயன்படுத்துகிற மாதிரி, தொடாமலே சூடு அளக்கும் ஒரு தெர்மாமீட்டரை இதற்காகவே வாங்கிக்கொண்டு போயிருந்தேன். நேராகப் போய் ஒரு சேற்றுக் குழியைக் குறி வைத்தேன். 96 டிகிரி. எனக்கு ஒரே குஷி. அடுத்த குழி, அதற்கடுத்த குழி.

திரும்பிப் பார்த்தபோது பலகை மேல் அம்மாவின் வலது பூட்ஸ் மட்டும் தனியாக நின்றது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் தரை வெள்ளையாகப் பூத்திருந்தது. உப்பு பூத்த பாத்தி போலவேதான். எங்கள் ஊரில் உப்பு வாரும் பதத்துக்கு வந்துவிட்டதா என்று காலால் மிதித்துப் பார்ப்பார்கள். பாத்திக்குள் யாரும் செருப்போடு இறங்க மாட்டார்கள், வரப்பிலேயே விட்டுவிடுவார்கள். அம்மாவும் அப்படியே விட்டிருந்தாள். சாக்ஸ் போட்ட காலைக் கயிற்றைத் தாண்டி வைத்திருந்தாள். மேலே இருந்த வெள்ளை ஏடு உடைந்து, கணுக்கால் வரை சாம்பல் நிறச் சேற்றில் போயிருந்தது.

நான் இழுத்த இழுப்பில் இருவரும் பலகையில் விழுந்தோம். சாக்ஸைக் கழற்றிப் பாட்டில் தண்ணீரை ஊற்றினேன்.

"ஒண்ணும் சுடலடா, எதுக்குக் கத்துற?"

"உனக்குச் சுடாதும்மா! அதுக்குத்தான் கத்துறேன்!"

கார் நிறுத்தும் இடத்துக் கழிப்பறையில் குழாய் இருந்தது. அதுவரை தூக்கிக்கொண்டு ஓடினேன். நாயோடு வந்த உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். இருபது நிமிஷம் தண்ணீரில் வையுங்கள், ஐஸ் வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொல்லி, பக்கத்து ஊர் மருத்துவமனைக்கு அவரே போன் செய்தார். தோல் சிவந்திருந்தது. வெந்த சிவப்பா, குளிரில் வந்த சிவப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அவரிடம் அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பலகைப் பாதைக்குத் திரும்ப ஓடினேன். கால் பதிந்த குழி அப்படியே இருந்தது. தெர்மாமீட்டரை நீட்டினேன். 47. இன்னும் இரண்டு தரம் அளந்தேன். 47, 46. அதற்கு மூன்றடி தள்ளி 94.

மூன்றடி.

12.05க்கு மருத்துவமனை. நர்ஸ் விரல் விரலாக விரித்துப் பார்த்தார், குதிகாலைப் பார்த்தார், கண்ணாடியை மாற்றிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். தோல் முழுசாக இருக்கிறது, கொப்புளம் இல்லை, நாளைக்கு ஒரு தடவை காட்டிவிட்டுப் போங்கள் என்றார். வெளியே வந்து காரில் அம்மாவுக்கு இன்னொரு ஜோடி சாக்ஸை நானே மாட்டிவிட்டேன்.

காரில் அம்மா அவளாகவே ஒப்புக்கொண்டாள். கையால் தொட்டு, விரலில் ஒட்டிய வெள்ளையை நக்கியும் பார்த்திருக்கிறாள். "உப்பே இல்லடா. புளிக்குது. இதக் கொண்டாந்து வித்தா நம்மள அடிப்பானுங்க." சிரித்துவிட்டுக் கேட்டாள்: "அந்த போர்டுல என்ன எழுதியிருந்துச்சு?"

தரை மெல்லிசு, அடியில் கொதிக்கிறது, பாதையை விட்டு இறங்காதே என்று எழுதியிருந்ததைச் சொன்னேன்.

"நீ படிச்சியா?"

"படிச்சேன்."

"எனக்கு ஏன் சொல்லல?"

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததா என்ன?

மறுநாளும் காட்டினோம், கால் சுத்தமாக இருந்தது. மீதி ஆறு நாளில் இரண்டு அருவி, ஒரு கருமணல் கடற்கரை பார்த்தோம். அரோரா என்கிற வடக்கொளி தெரியவில்லை, மேகம். அதற்காக மட்டும் போகிறவர்கள் ஏமாறத் தயாராகப் போங்கள். விமான டிக்கெட் தவிர இருவருக்கும் மொத்தம் 2,60,000 ரூபாய் ஆனது. அரிசி, பருப்பு, ஊறுகாய் எடுத்துப் போங்கள், சமையலறை உள்ள விடுதியில் தங்குங்கள், ஓட்டல் சாப்பாடு அநியாய விலை. இன்சூரன்ஸ் தாளைக் கையிலேயே வைத்திருங்கள். பெற்றோருக்குச் சர்க்கரை இருந்தால் தினம் ராத்திரி பாதத்தை நீங்களே டார்ச் அடித்துப் பாருங்கள். கூட வருகிறவருக்குப் படிக்கத் தெரியாத மொழியில் ஒரு பலகை நின்றால், அங்கேயே நின்று வாய்விட்டுப் படியுங்கள்.

அதன் பிறகு நான் படித்தேன். அருவியில், கடற்கரையில், பெட்ரோல் பங்கில். கடைசி நாள் கெஃப்லாவிக் விமான நிலையத்தில் கேட் மூட எட்டு நிமிஷம் இருக்கும்போது அம்மா ஒரு பச்சைப் பெட்டியின் முன் நின்றுவிட்டாள்.

"இதுல என்ன போட்டிருக்கு?"

பையை இறக்கி வைத்தேன். "காகிதக் குப்பை மட்டும் போடணும்னு போட்டிருக்கும்மா" என்றேன்.